விழும் இடத்தை முதலில் பாருங்கள்: குமரி மாவட்டத்திலிருந்து ஸ்டண்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

முட்டம் பாறையிலோ திற்பரப்பு அருவிக்கரையிலோ ஷூட்டிங் நடந்தால், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் களரியோ சிலம்பமோ படித்த பையன்கள் நாலைந்து பேராவது நிற்பார்கள். 'இதை நானும் செய்வேனே' என்று அவர்களுக்குத் தோன்றுவதில் தப்பில்லை. உடம்பு உண்மையிலேயே தயாராக இருக்கலாம். ஆனால் கூட்டத்தின் கண்ணில் படுவது குதிப்பு மட்டும்தான். அதற்கு முன் இரண்டு மணி நேரம் கீழே பெட் அடுக்கியதும், கயிறு கட்டியதும், மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கியதும் யாருக்கும் தெரியாது. ஸ்டண்ட் வேலையில் முக்கால்வாசி அதுதான். எந்த ஷாட்டாக இருந்தாலும் உடம்பு எங்கே, எதன் மேல், எந்தப் பக்கமாக வந்து நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மேலே கால் எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி.

களரியில் படித்ததும் கேமரா கேட்பதும்

அடிமுறை, தெக்கன் களரி, சிலம்பம் இவற்றில் ஒன்றையாவது முறையாகப் படித்தவருக்குத் தாழ்ந்த நிலையும் சுத்தமான காலடியும் ஏற்கெனவே இருக்கும். சென்னைக்குப் போய் ஜிம்னாஸ்டிக் மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவரைவிட அது பெரிய முதல். ஆனால் ஆசான் இலக்கைத் தொடச் சொல்லித் தந்தார். சினிமாவில் தொடாமல் விடவேண்டும். இந்த மாற்றம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

முகத்துக்குப் போகும் குத்து கன்னத்திலிருந்து அரை அடி முதல் ஒரு அடி வரை விலகிப் போகவேண்டும். கேமரா அடிக்கிறவரின் தோளுக்குப் பின்னாலோ, வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னாலோ இருந்தால் அந்த இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் இருந்தால் அப்பட்டமாகத் தெரியும். டெலி லென்ஸ் இடைவெளியைச் சுருக்கிக் காட்டும், வைட் லென்ஸ் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கேமரா எங்கே, என்ன லென்ஸ் என்று கேட்ட பிறகே தூரத்தை வையுங்கள். குத்துக்கு உயிர் கொடுப்பவர் வாங்குகிறவர். கை மூக்கின் நேருக்கு வரும் அந்தக் கணத்தில் தலை திரும்பவேண்டும். முந்தினால் பொய் தெரியும், பிந்தினால் மூக்கு உடையும். ஒவ்வொரு அடிக்கும் முன் இருவரும் கண்ணோடு கண் பார்க்கவேண்டும். எதிராளி உங்களைப் பார்க்கவில்லை என்றால் அடியைப் போடாதீர்கள்; டேக் வீணானாலும் பரவாயில்லை.

சிலம்பக் காட்சிக்கு, ஊரில் சுற்றும் கனத்த மூங்கில் கம்பைக் கொண்டுபோக வேண்டாம். எடை குறைந்த பிரம்பு போதும், படத்தில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் கம்பின் மேல் ஒரு பருத்தித் துணியை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். துணி எங்காவது சிக்கினால் அங்கே நார் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மோதலில் அந்த நார் பறந்து கண்ணில் போகும். டேப் சுற்றிச் சமாளிக்காமல் கம்பை மாற்றிவிடுங்கள்.

உருளுதல்: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

சங்குத்துறையிலோ தேங்காப்பட்டணத்திலோ காலையில் பயிற்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் அலை நனைத்த ஈர மணலைத் தேர்ந்தெடுப்பார்கள், ஓட வசதி என்பதால். ஓடுவதற்குச் சரி. விழுவதற்கு அந்த ஈர மணல் தார்ச்சாலை மாதிரிதான்; துளியும் அமுங்காது. அலை தொடாத மேட்டு மணலில் பத்தடிக்கு ஆறடி இடத்தை மண்வெட்டியால் ஒரு அடி ஆழம் கொத்தி, கையால் துழாவுங்கள். சிப்பி, பாட்டில் துண்டு, தூண்டில் முள், அறுந்த வலை எல்லாம் கிடைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்புத் தாது மணல் அதிகம். வெயில் ஏறிய பிறகு அது தோலைச் சுடும். அங்கே காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வலது தோள் உருளல் இப்படி: வலது கால் முன்னே. வலது கையை வில் மாதிரி வளைத்து, சுண்டுவிரல் பக்கம் மண்ணைத் தொடும்படி வையுங்கள். தாடையை இடது தோளோடு ஒட்டுங்கள். முன்னங்கை, முழங்கையின் வெளிப்பக்கம், வலது தோளின் பின்பக்கம், முதுகின் குறுக்காக இடது இடுப்பு என்ற வரிசையில் மண்ணைத் தொட்டு எழவேண்டும். உச்சந்தலை மண்ணைத் தொடவே கூடாது. தப்பாக நடப்பது இரண்டுதான். ஒன்று, கை மடங்கித் தோளின் நுனியிலேயே முழு எடையும் இறங்குவது. காரை எலும்பு முறிவது இப்படித்தான். இன்னொன்று, பயத்தில் நேராக முதுகுத்தண்டின் மேல் உருள்வது. மணலில் வலிக்காது, பாறையிலும் சிமென்ட் தரையிலும் ஒவ்வொரு கணுவும் வலிக்கும். முதலில் மண்டியிட்டு, பிறகு நின்று, பிறகு நடந்து, பிறகு ஓடி, கடைசியில் மூன்றடி மேடையிலிருந்து. இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். கேமரா இருக்கும் பக்கத்தைப் பொறுத்து எந்தத் தோளில் விழச் சொல்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாது.

உயரத்திலிருந்து விழுவது

இங்கே கணக்கு தெரிந்திருக்கவேண்டும். 10 அடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். 20 அடிக்கு 39, 40 அடிக்கு 56. உயிரைக் காப்பதும் எடுப்பதும் அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதுதான். விழுந்த உயரத்தை, அமுங்கும் ஆழத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். உடம்பு தன் எடையைப்போல் எத்தனை மடங்கு அழுத்தம் தாங்கவேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 20 அடியிலிருந்து வந்து 4 அடி அமுங்கினால் 6 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 420 கிலோ. முதுகு முழுவதும் பரவினால் தாங்கும். அதே 20 அடியிலிருந்து வந்து அரை அடி பெட்டில் விழுந்தால் 41 மடங்கு, 2,870 கிலோ. 'இருபது அடிதானே, ரெண்டு பெட் போட்டா போதும்' என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கை நினையுங்கள். 2024 ஜூலையில் சென்னையில் ஒரு படப்பிடிப்பில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் விழுந்து இறந்த உயரம் சுமார் 20 அடிதான்.

அட்டைப்பெட்டி அடுக்கு இன்றைக்கும் நம்பகமானது. அது வேலை செய்வது ஒவ்வொரு பெட்டியும் நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதால். பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு, சுமார் இரண்டடிச் சதுரம், காலிப் பெட்டிகள். கோட்டாறு கடைத்தெருவில் கிடைக்கும் பெட்டிகளில் பிஸ்கட் பெட்டி சிறிசு, இயந்திரப் பாகம் வரும் தடித்த இரட்டைச் சுவர்ப் பெட்டி நசுங்காது. இரண்டையும் ஒதுக்குங்கள். மூடியை ஒரே ஒரு டேப்பால் ஒட்டவேண்டும். சுற்றிச் சுற்றி ஒட்டினால் காற்று வெளியேற வழியில்லாமல் பெட்டி பந்துபோல் திருப்பி எறியும். ஒரு அடுக்கின் இணைப்பு மேல் அடுத்த அடுக்கின் இணைப்பு வராமல் மாற்றி அடுக்குங்கள். நடுவில் விழுபவர் இரண்டு பெட்டிக்கு இடையே நுழைந்து தரைவரை போனதெல்லாம் இணைப்புகள் நேர்க்கோட்டில் வந்ததால்தான். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே தார்ப்பாய், அதன் மேல் ஃபோம் பெட். கடற்கரையில் முந்தின நாள் இரவே அடுக்கி வைக்காதீர்கள். ஈரக்காற்றில் அட்டை ஊறிப்போய், விடிந்தால் கையால் அழுத்தினாலே உள்ளே போகும். ஒருமுறை நசுங்கிய பெட்டியை நிமிர்த்தி மறுபடி வைப்பதும் கூடாது. எத்தனை டேக் திட்டமோ அதற்கு வேண்டிய பெட்டியும், கூடக் கொஞ்சமும் முன்கூட்டியே வாங்கச் சொல்லுங்கள்.

விழும் முறை: முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் ஒரே நேரத்தில் பெட்டைத் தொடவேண்டும். தாடை மார்போடு. முழங்கால் லேசாக மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி. இல்லாவிட்டால் உங்கள் முழங்காலே உங்கள் முகத்தில் அடிக்கும். கைகள் பக்கவாட்டில் விரிந்து, உள்ளங்கை கீழே. முதுகுக்குப் பின்னால் ஒரு கையை ஊன்ற மனசு துடிக்கும், ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். கால் முதலில் இறங்குவதும் கூடாது. கணுக்கால் பெட்டிக்குள் சிக்கி, மேலுடம்பு சுழன்று விடும். திரும்புவதற்கு முன் கடைசி நொடிவரை பெட்டின் நடுவில் போட்ட குறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ரோப்

ரோப் என்றால் ஆளைக் கயிற்றில் தொங்கவிட்டு எடுக்கும் ஷாட். உடைக்கு அடியில் போடும் பட்டைக் கட்டு 'ஜாக்கெட்', அதைக் கயிற்றோடு இணைக்கும் பூட்டுள்ள உலோக வளையம் காராபினர். அதில் 22 கேஎன் (கிலோநியூட்டன், விசையின் அளவு) என்று பொறித்திருக்கும். நீளவாக்கில் இழுத்தால் சுமார் 2,200 கிலோ தாங்கும் என்று பொருள். அதே காராபினர் குறுக்காகத் திரும்பி இழுபட்டால் தாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் கயிறு தளர்ந்து மறுபடி இறுகும் ஒவ்வொரு முறையும் அது நேராக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். தளர்வதும் இறுகுவதும்தான் ரோப் வேலையில் ஆபத்தான நேரம்.

சோதனை மூன்று ஆட்கள் வழியாகப் போகவேண்டும்: கட்டியவர், கட்டாத இன்னொருவர், தொங்கப்போகும் நீங்கள். தொடக்கம் எப்போதும் உடம்பிலிருந்து. ஜாக்கெட்டின் தையல், பக்கிள் மடித்து மாட்டியிருக்கிறதா, காராபினர் பூட்டு, முடிச்சு, கயிறு போகும் பாதை, கப்பி, மேலே ஆங்கர் (கயிற்றைக் கட்டியிருக்கும் நிலையான பிடிமானம்), கடைசியில் இழுக்கும் ஆட்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து மறுபடி பாருங்கள்.

இழுக்கிற நான்கைந்து பேரோடு ஒரு விஷயத்தை வாய்விட்டுப் பேசித் தீர்க்கவேண்டும். 'ஒன், டூ, த்ரீ' என்றால் 'த்ரீ' சொல்லும்போதே இழுப்பதா, சொல்லி முடித்த பிறகா? நீங்கள் ஒன்றை நினைத்து, அவர்கள் இன்னொன்றை நினைத்தால், கழுத்து தளர்ந்திருக்கும்போது உடம்பு பின்னால் பிடுங்கப்படும். தலை முன்னால் வெட்டி, கழுத்துத் தசை கிழியும். வெற்று ஒத்திகையில் கயிற்றைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்.

ஜாக்கெட்டில் அசையாமல் தொங்கவிட்டால் தொடைவார் இறுகி, காலிலிருந்து ரத்தம் மேலே வராமல் சில நிமிடத்திலேயே மயக்கம் வரலாம். லைட்டிங் மாற்ற, மேக்கப் போட என்று ஆளை மேலேயே விட்டுவைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் இறக்கிவிடச் சொல்லுங்கள். இறக்க முடியாவிட்டால் மிதிக்கக் கயிற்றில் ஒரு வளையம் போட்டுத் தரச் சொல்லி, காலை மிதித்து மிதித்து அசையுங்கள்.

கடலோரத்தில் வேலை முடிந்ததும் கயிறு, காராபினர், கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். உப்பு பூட்டின் ஸ்பிரிங்கை அரிக்கும். கயிற்றுக்குள் புகுந்த மணல் உள்ளிழையை அறுக்கும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

மாத்தூரில் ஒரு குதிப்பு என்று வைத்துக்கொள்வோம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி. அங்கிருந்து நாயகன் ஆற்றில் குதிக்கிறான் என்று கதை. 115 அடியை யாரும் நிஜமாக விழமாட்டார்கள், தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும். ஷாட் மூன்று துண்டாகும். மேலே, ஜாக்கெட்டோடும் இரண்டு தனித்தனி ஆங்கரோடும் கைப்பிடியைத் தாண்டி ஐந்தாறு அடி மட்டும் இறங்குவது. நடுவில், அதே உடை போட்ட பொம்மை முழு உயரமும் விழுவது. கீழே, ஃப்ரேமுக்கு வெளியே பத்தடிப் பலகையிலிருந்து டூப் தண்ணீருக்குள் இறங்குவது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆங்கர் இல்லை. அது ஆள் சாய்வதற்குக் கட்டியது. சுமை தாங்கும் உறுப்பில் மட்டுமே கட்டலாம். கயிறு சிமென்ட் விளிம்பில் உரசும் இடத்தில் தடித்த கேன்வாஸோ பிளந்த ஹோஸோ வைக்கவேண்டும். பாலத்துக்குப் பொறுப்பான துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது.

நம்ம ஊர்த் தண்ணீர், காற்று, தோட்டம்

தண்ணீருக்குள் குதிக்கும் முன் ஆழத்தைக் கயிற்றில் கல் கட்டி அளக்கவேண்டும், ஒரே இடத்தில் இல்லாமல் விழும் இடத்தைச் சுற்றிப் பத்து இடத்திலாவது. நீச்சல் போட்டிகளில் 10 மீட்டர் மேடைக்கு 5 மீட்டர் ஆழம் வைக்கிறார்கள், 5 மீட்டர் மேடைக்கே 3.7 மீட்டராவது வேண்டும். அதைவிடக் குறைவென்றால் உயரத்தைக் குறைக்கவேண்டும். திற்பரப்பில் நேற்று அளந்தது இன்றைக்குச் செல்லாது. பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தால் கோதையாற்றின் ஓட்டமும் அடிமண்ணும் மாறிவிடும். காலையில் அணை நிலவரம் கேட்ட பிறகே கேமராவை இறக்கச் சொல்லுங்கள்.

கடல் இன்னும் கடினம். ஆனி, ஆடியில் குளச்சல், முட்டம் பக்கம் கடல் சீறுவது ஊருக்கே தெரியும். ஆனால் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் தூரக்கடலில் பிறந்த அலை கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இழுத்துப்போனது அப்படி வந்த அலைதான். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். பிறகு அந்தத் துறையில் வள்ளம் இறக்குகிற வயசான ஒருவரிடமும் கேளுங்கள். பாறையில் எந்த இடத்தில் அலை திரும்பி உள்ளே இழுக்கும் என்பதை அவர் விரல் நீட்டிக் காட்டுவார். அவரையும் அவர் வள்ளத்தையும் கூலி பேசி ஷாட் முடியும்வரை தண்ணீரிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கரையில் கட்டிக்கிடக்கும் படகு மீட்புப் படகு ஆகாது.

2016 நவம்பர் 7 அன்று பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும் காட்சியில் இரண்டு நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். இருவரும் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. சட்டைக்கு அடியில் போடும் மெல்லிய மிதவை உடை உண்டு, கேட்டு வாங்குங்கள். ஜீன்ஸும் ஷூவும் நனைந்தால் நல்ல நீச்சல்காரனையும் கீழே இழுக்கும்.

ரப்பர் தோட்டத்தில் சண்டை எடுக்க இயக்குநர்களுக்கு ஆசை அதிகம், வரிசை வரிசையாக மரங்கள் அழகாக இருக்கும். அங்கே ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் சிரட்டையை மாட்டும் கம்பி, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். மரத்தில் மோதி விழும் ஷாட்டில் அது விலாவில் குத்தும். மோதப்போகும் மரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுற்றி இரண்டு வரிசைக்கு உள்ள கம்பிகளைத் தோட்டக்காரரிடம் சொல்லிக் கழற்றி, மறக்காமல் திரும்ப மாட்டிக் கொடுங்கள். பால்வெட்டுகிறவரின் பிழைப்பு அது. மழைநீர் தேங்க வெட்டிய குழிகள் இலையுதிர்க் காலத்தில் சருகு மூடி மறைந்திருக்கும். கம்பால் தட்டித் தட்டி நடந்து, குழி இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். அந்தச் சருகு இருக்கும்வரை தோட்டத்துக்குள் தீ ஷாட் வேண்டவே வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ரோப்பில் தொங்கும் ஆள் பக்கவாட்டில் பல அடி தள்ளப்படுவார். விழுபவரைத் தாங்கக் கீழே வைக்கும் காற்றுப் பையின் மேல்பாகமும் மடங்கும். அங்கே கிரேன் நிறுத்தும்போது காற்றாலைகளிலிருந்து போகும் உயர் அழுத்த மின்கம்பி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கடற்கரை மணலில் கிரேன் என்றால் கால்களுக்கு அடியில் தடித்த இரும்புப் பலகை போட்டு, சுமை ஏற்றி அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு ஆளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னை அருகே படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் ஸ்டண்ட் செய்துகொண்டிருந்தவர்கள் இல்லை, படக்குழுவினர்.

தீ, கண்ணாடி, கார்

இந்த மூன்றும் அனுபவப்பட்ட ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் தொடக்கூடாதவை, அதனால் சுருக்கமாக. தீக்கு உள்ளே பருத்தி மட்டும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். குளிர்ந்த ஜெல் தோல் முழுக்க, காதுமடலுக்குப் பின்னாலும். எரிவதற்கு ரப்பர் சொல்யூஷன் பயன்படுத்துவார்கள். பெட்ரோல் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள், அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவித் தூரத்தில் பற்றும். எரியும்போது மூச்சை உள்ளே இழுக்கவே கூடாது. 'போதும்' என்பதற்கு அடையாளம் குப்புறப் படுப்பது. படுத்த நொடியில் இரண்டு பக்கமிருந்தும் அணைக்க ஆள் வேண்டும். அவர்கள் கையில் செல்போன் இருக்கக்கூடாது.

சர்க்கரையில் செய்த போலிக் கண்ணாடி நம் ஊர் ஈரக்காற்றில் பிசுபிசுத்து வளையும், உடையாது. டஃப்பன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய நிஜ) கண்ணாடி என்றால், உடம்பு படும் முன்பே வெடியோ சுத்தியோ அதை உடைத்திருக்கவேண்டும். உடைந்த துண்டும் கிழிக்கும் என்பதால் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் மறைப்பு வையுங்கள்.

கார் பறக்கும் ஷாட்டில் இன்ஜின் முன்னால் இருப்பதால் மூக்கு கீழே சாயும். டிக்கியில் எடை வைத்துச் சமன்செய்வார்கள். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் உள்ளே பொருத்தும் இரும்புக் கூண்டு), ஐந்து முனை பெல்ட், ஹெல்மெட், ஷாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் எரிபொருள், வெளியிலிருந்தே பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச். இதில் ஒன்று இல்லை என்றாலும் சாவியைத் திருப்பாதீர்கள். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் சாய்தளத்தில் ஏறிக் கவிழும் கார் காட்சியில் இறந்தவர் இந்த வேலையில் பழுத்த அனுபவசாலி. அனுபவம் இருந்தாலும் பட்டியலைச் சரிபார்த்தே தீரவேண்டும்.

'இது சரியில்ல மாஸ்டர்'

மறுக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். புதுசாக வந்த பையனுக்கு மாஸ்டரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல நாக்கு எழாது. அதனால் சொல்லும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லாமல், பொருளைக் காட்டிச் சொல்லுங்கள்:

"மாஸ்டர், மேல் அடுக்குல நாலு பெட்டி நசுங்கிக் கிடக்கு. மாத்திட்டா நான் ரெடி."

"டைம் இல்ல தம்பி, ஒரே டேக்."

"பத்து நிமிஷம் போதும் மாஸ்டர். நானே மாத்துறேன்."

நல்ல மாஸ்டர் இதைக் கேட்டதும் லைட்டை நிறுத்திவிட்டுத் தானே வந்து பார்ப்பார். பார்க்காதவரிடம் அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். மேலும், 'நிறுத்து' என்ற சொல்லைச் செட்டில் யார் சொன்னாலும், டீ கொடுக்கிற அண்ணன் சொன்னாலும், ஷாட் நிற்கவேண்டும் என்பதைக் காலையிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி பேசிக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஷாட்டுக்குப் போவதும் மறுக்கவேண்டிய விஷயம்தான். கணுக்கால் வலிக்கிறது என்றால் அது தாங்காது என்று சொல்கிறது. வேட்டி கட்டிய பாத்திரமென்றால் முழங்கால், இடுப்பு, வால் எலும்புக்கு மெல்லிய பேடு, அதன் மேல் இறுக்கமான அரைக்கால் சட்டை, பிறகு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவது. சேலையில் டூப் போடும் பெண்களுக்குப் பேடு வைக்க இடமே இருக்காது. ரவிக்கையையும் உள்பாவாடையையும் ஒரு அளவு பெரிதாகத் தைக்கச் சொல்லி உடைப் பிரிவிடம் முந்தின வாரமே பேசவேண்டும்.

அடிபட்டால்

குமரியில் அடிபட்டவுடன் வர்ம ஆசானிடம் ஓடும் பழக்கம் உண்டு. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்கள் கைப்பக்குவம் பலருக்கும் குணம் தருகிறது. ஆனால் தலை, கழுத்து, முதுகுத்தண்டு, வயிறு இவற்றில் அடி என்றால் தைலம் போட்டுத் தடவவே கூடாது. முதலில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும். நல்ல ஆசானும் அதைத்தான் சொல்வார். கழுத்து வலியோடு கிடப்பவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையின் இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்து, 108-க்குக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நேரம் ஆக ஆக மந்தமாவது இருந்தால் தாமதமே கூடாது. நினைவு தப்பியவர் எழுந்து 'ஒன்றுமில்லை' என்றாலும் அன்றைக்கு அவருக்கு வேலை முடிந்தது. வயிற்றில் உதை வாங்கியவருக்கு இடது தோள்பட்டையில் வலி என்றால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். பேஸ்ட், ஐஸ், மை எதுவும் வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் படப்பிடிப்பு என்றால் மலைப்பாதையைச் சேர்த்து எவ்வளவு நேரம் என்று முந்தின நாளே வண்டியில் போய்ப் பாருங்கள். செல்போன் சிக்னல் கடைசியாக எந்த வளைவில் கிடைக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஷாட் இருக்கும் நாளில் ஆம்புலன்ஸ் செட்டிலேயே நிற்கவேண்டும்.

சேர்வதும் காகிதங்களும்

தமிழ்ப் படங்களுக்குச் சென்னை வடபழனியில் உள்ள ஸ்டண்ட் யூனியன் உறுப்பினர் அட்டை வேண்டும். மலையாளப் படங்களுக்கு, அங்குள்ள சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெஃப்காவின் கீழ் தனிச் சங்கம். இரு மொழியும் பேசும் விளவங்கோடு, கல்குளம் பிள்ளைகளுக்கு இரண்டு கதவும் திறந்திருப்பது நல்ல வாய்ப்பு. சேர்க்கை எப்போது, கட்டணம் எவ்வளவு என்பதை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்கவேண்டாம்.

சினிமாத் தொழிலாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று மத்திய அரசு 1981-லேயே சட்டம் போட்டது. குறைந்தபட்சம் தேதி, இடம், செய்யப்போகும் ஷாட், சம்பளம், காயம்பட்டால் செலவு யாருடையது என்ற ஐந்தும் வாட்ஸ்அப் செய்தியாகவாவது வரட்டும். விபத்துக் காப்பீடு எடுக்கும்போது தொழில் என்ற கட்டத்தில் ஸ்டண்ட் கலைஞர் என்றே எழுதுங்கள். 'தனியார் வேலை' என்று எழுதினால் பிரீமியம் குறையும், ஆனால் பணம் கேட்கும் நேரத்தில் தள்ளிவிடுவார்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் உண்டு. அதையும் போட்டு வையுங்கள், அது மட்டும் போதாது.

காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிடு என்று கூட வந்தவர் காதில் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். படப்பிடிப்பில், எத்தனை அடியிலிருந்து, எதன் மேல் விழுந்தீர்கள் என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அது வேண்டும், விபத்துப் பதிவேட்டிலும் அதுதான் ஏறும். பதிவேட்டில் ஒன்றும் கால்ஷீட்டில் (அன்றைய படப்பிடிப்பு விவரத் தாளில்) ஒன்றும் இருந்தால் எந்தக் காப்பீடும் நிற்காது. பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அன்றைய கால்ஷீட், முடிந்தால் அந்த ஷாட்டின் மானிட்டர் வீடியோ எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். படுத்திருக்கும்போது யார் எந்தத் தாளை நீட்டினாலும், வீட்டார் ஒருவர் படித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடவேண்டாம்.